பின் வளையத்துத் தோல்

சம்பந்தி வீட்டுக் குதிரையைச் சுட்டுக் கொன்றது யார் என்று எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் என் தம்பி துர்கனின் பெயரைத்தான் சொல்வார்கள். அதை முதலில் ஊர் முன்னால் சொன்னவன் நான். அவன் தோளில் கிடந்த துப்பாக்கியை என் கையால் கழற்றிக்கொண்டு, "குதிரைக்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எங்க வீட்டுத் துப்பாக்கி எதுக்குடா?" என்று கேட்டேன். அறுபது பேர் அங்கே இருந்தார்கள்.

எங்கள் வீடு வேட்டைக்காரர் வீடு. அட்பாஷி மலைகளில் எங்கள் வீட்டுக் குண்டு வீணாகப் போனதாக யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது மூத்தவனான என் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

அது நடந்த குளிர்காலத்தின் தொடக்கத்தில் துர்கன் நாரின் நகரத்திலிருந்து புதிதாக ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தான். துப்பாக்கிமேல் பொருத்திக் குறி பார்ப்பதற்கானது. கூடவே இரண்டு வளையங்களும் வந்தன. துப்பாக்கியின் முதுகில் முன்னே ஒரு வளையம், பின்னே ஒரு வளையம். கீழ்ப்பாதிகளில் தொலைநோக்கிக் குழாயைப் படுக்கவைத்து, மேல்பாதிகளால் மூடித் திருகாணிகளை முடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை மூத்தவன்தான் செய்வான். அப்பாவுக்குப் பிறகு நான்.

குழாயை வைத்துப் பார்த்தேன். முன் வளையத்தில் அழகாகப் படிந்தது. பின் வளையத்தில் குழாய்க்குக் கீழே நகக்கனம் வெளிச்சம் தெரிந்தது.

"பின் வளையம் எறங்கி உக்காந்திருக்குண்ணே," என்றான் துர்கன். "அதோட அடிக்கட்டைக்குக் கீழ ஒரு தகடு குடுத்தா ரெண்டும் ஒரே கோட்டுல வந்துடும். கெரிம்பெக்கிட்ட மெல்லிசுத் தகடு இருக்கு."

"நம்ம துப்பாக்கிய அடுத்த வம்சத்துக்காரன் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? அப்பா என்ன செஞ்சார்? தோல் வச்சார்."

"அப்பா வச்சது அந்தப் பழைய குழாய்க்கு. அது உலக்கை மாதிரி, எதையும் தாங்கும். இதுல இரும்பு மேல இரும்புதான் உக்காரணும்னு கடைக்காரன் சொன்னான்."

"உன் கடைக்காரன் எந்த மலை ஏறினான்? அவன் கடை மாடிப்படியா?"

துர்கன் சிரித்துவிட்டான். அவனை யார் கேலி செய்தாலும் முதலில் சிரிப்பவன் அவன்தான். நான் பெண்கள் புழங்கும் திரைப்பக்கம் திரும்பி, காட்டாட்டின் வயிற்றுத்தோலில் ஒரு துண்டு வேண்டும், இரண்டாக மடிக்கிற நீளத்துக்கு வெட்டு என்றேன். அவன் மனைவி ஜிபெக் திரைக்கு அந்தப்புறம் நின்று வெட்டி நீட்டினாள். தோலை ஈரமாக்கி, மடித்து, பின் வளையத்தில் குழாய்க்கு அடியில் வைத்து முடுக்கினேன். வெளிச்சம் மறைந்தது. குழாய் அசையவில்லை.

பிறகு இருவரும் துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்தோம். நான் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொன்னேன். முகத்தில் கைகளைத் தடவி முடித்தோம்.

"நாளைக்குக் காலைல ஓடைப்பக்கம் போய் கல்லு மேல ரெண்டு குண்டு போட்டுப் பாத்துட்டு வரேண்ணே," என்றான்.

எங்கள் வீட்டில் அது கிடையாது. மூத்தவன் ஆசி சொன்ன துப்பாக்கி தன் முதல் குண்டை உயிருள்ள இரைமேல்தான் போட வேண்டும். கல்லைச் சுட்டுச் சோதித்தால் ஆசியைச் சோதிப்பதாகும்.

"என்னைச் சோதிக்கிறியா?" என்றேன்.

"ஐயோ, இல்லண்ணே."

துப்பாக்கியை வீட்டின் மரியாதைக்குரிய இடத்தில், அடுப்புக்கு நேர் மேலே, சுவரில் மாட்டினேன். பதினொரு நாள் பனி கொட்டியது. ஒருவரும் வெளியே போகவில்லை. அடுப்பும் அணையவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் சம்பந்தி ஒரோசாலியின் ஆள் குதிரையில் பறந்து வந்தான். பனி நிறைந்த பள்ளத்தில் அவர்களுடைய பெண்குதிரை மார்பளவு புதைந்து நிற்கிறது, ஓநாய் வந்துவிட்டது என்றான். மூன்று பந்தயக் குதிரைகளை ஈன்றவள் அவள். என் மூத்த மகள் அந்த வீட்டு மருமகள். துர்கன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

இருநூறு அடி தூரம். ஓநாய் குதிரைக்கு மேலே ஒரு பாறையில் நின்றிருந்தது. துர்கன் அதன் மார்பைக் குறிபார்த்துச் சுட்டான். குண்டு இரண்டு சாண் தாழ்ந்து குதிரையின் கழுத்தில் பாய்ந்தது. ஓநாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனதாம். அந்த 'நடந்தே' என்ற சொல்லைத்தான் ஊர் அந்தக் குளிர்காலம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி வீட்டு முற்றத்தில் கூட்டம் நின்றது. துர்கன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, குறி சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் பின் வளையத்துல ஏதோ..."

"உன் கைய விட்டுட்டு என் கையக் குறை சொல்லாத."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அதன் பிறகு அந்த வளையத்தைப் பற்றி அவன் என்னிடம் பேசவே இல்லை. துப்பாக்கியை நான் கழற்றிக்கொண்டது அப்போதுதான். எங்கள் தொழுவத்திலிருந்து நல்ல குதிரை ஒன்றை ஒரோசாலி வீட்டுக்கு அனுப்பினேன். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து அதே இடத்தில் மாட்டினேன். நான் பொருத்திய துப்பாக்கியை நானே திறந்து பார்ப்பது எனக்கு இழுக்காகப் பட்டது. நான்கு வருடம் அது அங்கேயே தொங்கியது.

துர்கன் அடுத்த வசந்தத்தில் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் ஜிபெக்கைக் கூப்பிட்டுப் பேசுவான். என் எண் அவனிடம் இருந்தது, அவன் எண் என்னிடமும் இருந்தது. தப்பு செய்தவன் முதலில் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவன் கூப்பிடவில்லை. போன இலையுதிர்காலத்தில் சாரம் சரிந்து ஏழாவது மாடியிலிருந்து விழுந்தான். பெட்டியில் வந்தான்.

அவன் இறந்து ஒரு வருஷம் முடிகிற நினைவு விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓநாய்கள் சீக்கிரமே இறங்கிவிட்டன. இரண்டு மந்தைகளில் ஆடு போயிற்று. ஊர் கூடி, சுடுவதற்கு மெக்கானிக் கெரிம்பெக்கைத் தேர்ந்தெடுத்தது. துப்பாக்கியை எங்கள் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்றது. கெரிம்பெக் ஒரோசாலியின் வம்சம். இல்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஆடு இழந்தவர்கள் வாசலில் நிற்கும்போது இல்லை என்பது எங்கள் வீட்டுக்கு அழகல்ல. துப்பாக்கியை நானே எடுத்துக்கொண்டு அவன் பட்டறைக்குப் போனேன்.

"வாங்க அக்சக்கால், வாங்க," என்றான் கெரிம்பெக். வயதில் பெரியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாய் மூடாத ஆள். "துப்பாக்கியக் குடுங்க. நாலு வருஷமா கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு மாதிரி உள்ளயே பூட்டி வச்சிருந்தீங்களே."

"தொடுறதுக்கு முன்னாடி கையக் கழுவு."

"கழுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை."

துப்பாக்கியைக் கம்பளித் துண்டு சுற்றி இடுக்கியில் பிடித்தான். தொலைநோக்கியின் முனையை விரலால் லேசாகத் தட்டினான். சிரிப்பு நின்றது.

"அக்சக்கால், இது ஆடுது."

"திருகாணி இறுக்கமாத்தான் இருக்கு. நல்லாப் பாரு."

"திருகாணி இறுக்கந்தான். உள்ள குழாய் ஆடுது." திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் மாற்றி மாற்றித் தளர்த்தினான். மேல்பாதிகளை எடுத்தான். குழாயைத் தூக்கினான். பின் வளையத்திலிருந்து எதையோ சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "இது என்ன, ரொட்டிக்குள்ள கறி வச்ச மாதிரி மடிச்சு வச்சிருக்கு? தோலா?"

தோல் உலர்ந்து, நகம்போல விறைத்துச் சுருங்கிக் கிடந்தது. வைத்த கனத்தில் பாதிகூட இல்லை.

கூர்முனை கொண்ட இரண்டு இரும்புத் தண்டுகளை எடுத்து, ஒன்றை முன் வளையத்திலும் ஒன்றைப் பின் வளையத்திலும் படுக்கவைத்தான். முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நெருங்கின. வளையங்கள் நேராக இருந்தால் இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ள வேண்டும். பின் தண்டின் முனை தாழ்ந்து நின்றது.

"குனிஞ்சு பாருங்க. ஒரு நகக்கனம். இங்க ஒரு நகக்கனம்னா அங்க இருநூறு அடியில ரெண்டு சாண், மூணு சாண். கண்ணாடியோட பின்பக்கம் எறங்கினா குண்டு தாழ்ந்துதான் போகும்." அவன் குரல் மெல்லத் தாழ்ந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறான் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "ஈரத்தோல வச்சு அடுப்புக்கு மேல தொங்கவிட்டா என்னாகும்? நம்ம பூட்ஸே சுருங்குது. பொருத்தின அன்னைக்கே ஒரு கல்லு மேல சுட்டு, பத்து நாள் கழிச்சு இன்னொரு தரம் சுட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். சுடலையா?"

நான் அந்தத் தண்டின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு பொருத்தினது, அக்சக்கால்?"

பட்டறையில் அப்போது அவனைத் தவிர இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருவன் ஒரோசாலியின் தங்கை மகன்.

"தம்பி," என்றேன்.

அந்த ஒரு சொல் வெளியே வந்துவிட்டது. யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் சொன்னேன். செத்தவனுக்கு அது கூடுதலாக ஒரு பாரம் ஆகாது, உயிரோடிருப்பவன் தாங்க மாட்டான் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்.

"பாவம்," என்றான் கெரிம்பெக். "நல்ல மனுஷன். இந்த வேலை மட்டும் தெரியல."

அடிக்கட்டைக்குக் கீழே தகடு கொடுத்து, தேய்ப்பதற்கான மணல்பசை தடவிய உருண்டைக் கம்பியை வளையங்களில் முன்னும் பின்னும் உரசி, தண்டுகளின் முனை இரண்டும் தொடும்வரை அவன் வேலை செய்தான். நான் முழு நேரமும் நின்றேன். உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, பகலில், ஜிபெக் வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. தலைத்துணி நெற்றியை மறைத்திருந்தது.

"மாமா, ஒரு வார்த்தை."

"உள்ள வா."

"இங்கயே நிக்கிறேன். கடையில பொம்பளைங்க பேசிக்கிறாங்க. அவரே தோல மடிச்சு வச்சு அவரே கெடுத்துக்கிட்டாராம். இவ்வளவு நாள் கை நடுங்கினவன்னு சொன்னாங்க. இப்ப மூளையும் இல்லாதவனாம்."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"அந்தத் தோல வெட்டினது இந்தக் கை. ரெண்டா மடிக்கிற நீளத்துக்கு வெட்டுன்னு சொன்னது உங்க குரல். திரைக்குப் பின்னாடி நின்னாலும் காது கேக்கும் மாமா."

"குரல ஒசத்தாத."

"ஒசத்தல. இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. உங்க பேர ஒரு தடவகூட நான் வாயால சொன்னதில்ல. உங்க பேரு உள்ள ஊரைக்கூட 'அந்த ஊரு'ன்னுதான் சொல்லுவேன். நம்ம வழக்கம் அது. மரியாதை." அவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். அதையும் அவள் செய்ததில்லை. "நாளான்னைக்கு விருந்துல நீங்க உண்மையச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் எழுந்து நின்னு, உங்க பேரச் சொல்லி, 'இவர்தான் பொருத்தினார்'னு சொல்லுவேன். அதுக்கப்புறம் என்னை எந்தப் பேரால வேணாலும் ஊரு கூப்பிட்டுக்கட்டும்."

அவள் போய்விட்டாள். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் வீட்டு மருமகள் ஊர் முன்னால் என் பெயரை உச்சரிப்பதை நினைத்தேன். அதைவிட, அவள் அப்படிச் செய்யும் நிலைக்கு வந்ததற்குக் காரணம் யார் என்பதை நினைத்தேன். அவள் மிரட்டியதால்தான் நான் சொன்னேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது முழுப் பொய் அல்ல.

வருஷ விருந்து நாளன்று முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தோம். குதிரை ஒன்றை அறுத்தோம். ஐந்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரோசாலி வந்ததும் அவரை எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மௌல்வி ஓதி முடித்தார். தட்டுகளில் கறி வந்தது. பெரியவர்களுக்கு உரிய எலும்புகள் வயது வரிசைப்படி வைக்கப்பட்டன. விருந்து தொடங்கும் முன் செத்தவனைப் பற்றிப் பேச வேண்டியவன் நான். அன்று பேசப்படுவதுதான் ஊரின் நினைவில் தங்கும்.

எழுந்தேன். கூடாரத்தின் பெண்கள் பக்கத்தில் ஜிபெக் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் எழப்போகிறவள் போல ஒரு கையைத் தரையில் ஊன்றியிருந்தாள்.

"என் தம்பி துர்கன் ஒரோசாலியோட குதிரையச் சுடல," என்றேன். "அவன் ஓநாயத்தான் சுட்டான். குறியும் சரியாத்தான் பாத்தான். தொலைநோக்கியோட பின் வளையத்துல தோல மடிச்சு வச்சவன் நான். தகடு வைக்கலாம்னு அவன் சொன்னான், நான் கேக்கல. கல்லு மேல சுட்டுப் பாக்கலாம்னு சொன்னான், நான் விடல. கெரிம்பெக் பட்டறையில அவன் பொருத்தினதா நான் சொன்னது பொய். குதிரையக் கொன்னது இந்தக் கை."

யாரும் தட்டைத் தொடவில்லை. கெரிம்பெக் தலையைக் குனிந்துகொண்டான். ஜிபெக்கின் கை தரையிலிருந்து மெல்ல மடிக்குத் திரும்பியது.

ஒரோசாலி நிமிர்ந்து பார்க்காமலே பேசினார். எண்பதைத் தாண்டியவர், மெதுவாகத்தான் பேசுவார்.

"ஷார்ஷென், குதிர செத்து நாலு வருஷம் ஆச்சு. நான் அத அந்த வாரமே மறந்துட்டேன். குதிர சாகும், என்ன செய்ய. என் முற்றத்துல வச்சு அவன் தோள்லருந்து துப்பாக்கியக் கழட்டுனியே, அத நான் மறக்கல. அன்னைக்கு நான் உன்னைத் தடுத்திருக்கணும். நீ சம்பந்தி, மூத்தவன், உன் வீட்டு விஷயம்னு வாய மூடிட்டு இருந்தேன். என் தப்பும் அதுல இருக்கு."

அவர் ஒரு துண்டுக் கறியை எடுத்தார். "சாப்பிடுங்கப்பா. ஆறுது."

எல்லோரும் சாப்பிட்டார்கள். மெல்லப் பேச்சு வந்தது. கடைசிப் பக்கத்தில் யாரோ துர்கனைப் பற்றி எதையோ சொல்லச் சிலர் சிரித்தார்கள். அவன் பெயரோடு ஊர் கேலியில்லாமல் சிரித்து நான்கு வருடமாகிவிட்டது. நான் என் தட்டைத் தொடவில்லை. என்னிடம் வந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. போகும்போது கைகுலுக்கினார்கள். சிலர் என் கண்ணைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை.

பிற்பகலில் எல்லோரும் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஜிபெக் கறி வேகவைத்த பெரிய அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போனேன்.

"சொல்லிட்டேன்," என்றேன்.

"கேட்டேன் மாமா."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. போகலாம் என்று திரும்பினேன்.

"அவருக்குத் தெரியும்," என்றாள்.

நின்றேன்.

"குதிர செத்த அன்னைக்குச் சாயங்காலமே எங்கிட்ட சொன்னாரு, தோல் சுருங்கியிருக்கும்னு. அண்ணனே ஒரு நாள் திருகாணியக் கழட்டிப் பாப்பாரு, அவராத் தெரிஞ்சுக்கட்டும், நான் சொன்னா ஊரு முன்னாடி அவருக்கு அவமானம்னாரு. ரஷ்யா போயும் அதையேதான் சொல்லுவாரு. நீங்களே கூப்பிடுங்களேன்னு நான் கெஞ்சுவேன். 'நான் கூப்பிட்டா மன்னிப்புக் கேக்கணும் ஜிபெக். கேட்டா அது பொய். கேக்கலன்னா அண்ணனுக்குக் கோபம். அவரு பாத்துட்டுக் கூப்பிடுவாரு'ன்னாரு." அவள் கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கரி படிந்தது. "வெள்ளிக்கிழமை பேசும்போது நடுவுல வேற யாராவது கூப்பிட்டாங்கன்னா, 'இரு, இரு, அண்ணனான்னு பாக்குறேன்'னு வச்சிடுவாரு. அப்புறம் திரும்பக் கூப்பிட்டு, 'இல்ல, மேஸ்திரி'ம்பாரு. சிரிப்பாரு."

மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். அவள் மன்னிக்கக்கூடியது அதில் பாதிகூட இல்லை, மீதி துர்கன் மன்னிக்க வேண்டியது.

அவள் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். தனியாக முடியவில்லை.

"அந்தப் பக்கம் பிடிங்க மாமா," என்றாள். "கவுத்து வைக்கணும்."

குனிந்து பிடித்தேன்.